நாவலர் பெருமானும் கூலி வேண்டாப் பத்தியும்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் திருப்பெயரைக் கேளாமல் எமது கல்லூரியின் வாயிலைக் கடந்து சென்ற மாணவர் ஒருவரும் இலர். அப்பெயரைச் சொல்லுந்தோறும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒவ்வொரு வடிவம் தோன்றுகின்றது. தமிழ் வசனநடையைச் செப்பஞ்செய்தவர் என்பர் இலக்கியம் கற்போர். ஏட்டுச் சுவடிகளைப் பிழை களைந்து அச்சேற்றியவர் என்பர் நூலாராய்வோர். சைவப் பாடசாலைகளுக்கு வித்திட்டவர் என்பர் ஆசிரியர். பாதிரிமாரோடு வாதஞ்செய்து சைவத்தை நிலைநிறுத்தியவர் என்பர் சமயத்தார். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவை கிளைகள். இக்கிளைகளைத் தாங்கிய வேர் யாது என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை. அவ்வேர் சிவபெருமான்மீது அவர் வைத்த கலப்பற்ற பத்தி என்பதும், அப்பத்தி எத்தகையது என்பதை அவர்தம் வாழ்க்கையே காட்டும் என்பதும் எமது துணிபு. இவ்விழா மலரிலே அவ்வாழ்க்கையை அந்நோக்கோடு ஒருமுறை நினைவுகூர விரும்புகின்றோம்.

பாரத நாட்டுச் சமய வாழ்விலே பத்திக்கு உரிய இடம் மிகப் பெரிது. தென்னாட்டிலே நாயன்மாரும் ஆழ்வார்களும் பாடிப் பரப்பிய அன்புநெறி, பின் நூற்றாண்டுகளிலே கன்னட நாட்டிற் பசவர், வங்கத்திலே சைதன்னியர், இராசபுத்தானத்திலே மீராபாய், மராட்டியத்திலே துக்காராம் முதலியோராலும் தழைத்தது. அவர்கள் பாடிய மொழி வேறு. வழுத்திய திருநாமம் வேறு. ஆனால் அன்பை அன்பின் பொருட்டே செய்தல் வேண்டும் என்பதில் அவர்களெல்லாரும் ஒருப்பட்டனர். பொருள் வேண்டிச் செய்யும் வழிபாடு வாணிகமாய்விடும். புகழ் வேண்டிச் செய்யும் வழிபாடு நாடகமாய்விடும். எதனையும் வேண்டாது செய்யப்படுவதே தூய பத்தி. சைவ சித்தாந்திகள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளை வகுத்து, அவற்றுக்கு முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர் ஆகிய நால்வரையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். நெறிகள் நான்காயினும் அவற்றினூடே மணிகளைக் கோத்த இழைபோல ஓடுவது அன்பு ஒன்றே.

இவ்வன்பைப் பற்றி இருவேறு கருத்துகள் எக்காலத்தும் வழங்கி வருகின்றன. பத்தி கல்லாதார்க்கு உரியது, கற்றோர்க்கு உரியது ஞானம் என்பர் ஒரு சாரார். உள்ளம் உருகினாற் போதும், நூலும் வேண்டா, ஒழுக்க விதியும் வேண்டா என்பர் மற்றொரு சாரார். நாவலர் பெருமான் இவ்விருவர் பக்கமும் சேர்ந்தாரல்லர். அன்பு செலுத்தப்படும் பொருளை அறியாத அன்பு நிலையாது என்றும், அன்பாகக் கனியாத அறிவு சுமையே என்றும் கொண்டு, அக்கொள்கைக்கே தம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்தார்.

அவர் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18 ஆந் திகதி, சித்திரபானு வருடம் மார்கழி மாதத்திலே, நல்லூரிற் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர். நாடகங்கள் பல இயற்றியவர். ஒன்பது வயதிலே தந்தையாரை இழந்த சிறுவர், அவர் முடியாமல் விட்டுச் சென்ற நாடகமொன்றைத் தாமே பாடி முடித்தார் என்பர். பின்னர் இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் என்போரிடத்தே இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்கும் பொருட்டு வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்குவது அதுவே.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையை இன்றைய மாணவர் அறிந்துகொள்ளுதல் வேண்டும். வெஸ்லியன் சங்கத்தார் 1814 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டிலும் இங்கு வந்து தொண்டு தொடங்கினர். 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. பாடசாலை, அச்சுக்கூடம், வைத்தியசாலை, பத்திரிகை ஆகிய நான்கும் அவர்கள் கையில் இருந்தன. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் அவர்கள் வாயிலாகவே கிட்டின. சைவப் பிள்ளைகள் அவர்களிடங் கற்றனர். கற்றோருட் பலர் மதம் மாறினர். சைவர்களுக்கோ கோயில்கள் இருந்தன, திருவிழாக்கள் இருந்தன, ஏடுகள் இருந்தன. ஆனால் கோயிலிலே கும்பிட்ட கைகள் ஏட்டை எடுக்கவில்லை. எதனை வணங்குகின்றோம், ஏன் வணங்குகின்றோம் என்று ஒரு பிள்ளை கேட்டால் விடை சொல்ல வீட்டில் ஆளில்லை.

மிஷன் பாடசாலையின் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார், மாணவராகிய ஆறுமுகத்தின் திறமையைக் கண்டு, அவரைத் தம் பாடசாலையில் ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்கும் பெரும்பணியிலும் அவரைத் துணையாகக் கொண்டார். அப்பெயர்ப்பு 1850 ஆம் ஆண்டிலே அச்சாகியது. சைவராகிய இளைஞர் ஒருவர் கிறித்துவ மறைநூலைத் தமிழாக்க ஆண்டுக்கணக்காக உழைத்தார் என்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவ்வுழைப்பு அவருக்கு ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்தது எனலாம். தம் சமயத்தை உண்மையாக நேசிப்போர் அதன் நூலை ஒவ்வொருவர் கைக்கும், ஒவ்வொருவர்க்கும் விளங்கும் மொழியிலே, கொண்டுசேர்ப்பர் என்பதே அப்பாடம். பிறர் அன்பின் ஊக்கத்தைக் கண்டபோது, தம்மவர் அன்பின் சோம்பல் அவருக்குப் புலனாயிற்று. அவர் பிறரை வெறுத்தாரல்லர். தம்மவர் உறக்கத்தைக் கண்டு வருந்தினார்.

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடைபெற்றது. நண்பராகிய கார்த்திகேய ஐயரும் அவருக்குத் துணைநின்றார். சிவபத்தி, குருபத்தி, திருநீறு, உருத்திராக்கம் ஆகியவற்றோடு கொலை, கள், புலால், பிறன்மனை நயத்தல் என்பவற்றின் தீமையும் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. இவ்விரண்டையும் அவர் ஒருங்கே வைத்ததை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கோயிலுள்ளே கண்ணீர் பெருக்கி வெளியே பிற உயிரை வருத்துபவனுடைய பத்தியை அவர் பத்தியாக எண்ணவில்லை. ஒழுக்கத்திற் காணப்படாத அன்பு உள்ளத்திலும் இல்லை என்பது அவர் முடிபு.

1848 ஆம் ஆண்டு அவர் வாழ்விலே திருப்பம் விளைத்த ஆண்டு. அவ்வாண்டிலே அவர் மிஷன் பாடசாலை ஆசிரியப் பதவியைத் துறந்தார். பாதிரியார் அவரைப் பிரிய விரும்பவில்லை. உத்தியோகம் உயர்வாக மதிக்கப்பட்ட காலம் அது; அவருடைய தமையன்மாரும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தனர். இருபத்தைந்து வயதினராகிய அவர் அவ்வழியையும் நாடவில்லை, இல்லறத்திலும் புகவில்லை. நைட்டிகப் பிரமசாரியாய் நின்று சைவத்தையும் தமிழையும் வளர்ப்பதென உறுதிகொண்டார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. ஆசிரியர் ஊதியங் கருதாது கற்பித்தனர்; மாணவர் கட்டணமின்றிக் கற்றனர். ஊரார் உதவியாலே செலவு நடந்தது. கூலி பெற்றுச் செய்த வேலையை விட்டுக் கூலி இல்லாத வேலையை மேற்கொண்ட அந்நாளே, அவருடைய பத்தி உரைகல்லில் உரைக்கப்பட்ட நாள் என்று நாம் கருதுகின்றோம்.

பாடசாலை தொடங்கியதும் பாடநூல் இல்லாக் குறை தோன்றியது. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்து எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தல் இயலும்? ஆகவே அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு 1849 ஆம் ஆண்டிலே நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையோடு தமிழகஞ் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையையும் சாத்திர அறிவையும் கண்டு, நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். பட்டத்தோடும் அச்சியந்திரத்தோடும் அவர் ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பிற்காலத்திலே பட்டமே இயற்பெயரை மறைத்துவிட்டது. நாவலர் என்றால் இவர் ஒருவரையே குறிக்கும் என்னும் நிலை உண்டாயிற்று. ஆனால் அவர் அப்பட்டத்தைக் கொண்டு பொருள் தேடினாரல்லர்.

அவ்வச்சுக்கூடத்தினின்றும், பின்னர்ச் சென்னையில் அவர் நிறுவிய அச்சுக்கூடத்தினின்றும் வெளிவந்த நூல்களை எண்ணிப் பார்த்தால், அன்புக்கு அறிவு எவ்வாறு ஏவல் செய்தது என்பது விளங்கும். சிறுவர்க்குப் பாலபாடங்கள், சைவர்க்குச் சைவ வினாவிடை, இலக்கணம் பயில்வோர்க்கு நன்னூற் காண்டிகையுரை, கற்றோர்க்குத் திருக்கோவையார் உரையும், பரிமேலழகர் உரையோடு கூடிய திருக்குறளும், கந்தபுராணமும். பிற சமயத்தார் கண்டனங்களுக்கு விடையாகச் சைவதூஷண பரிகாரம் 1854 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. விவிலியத்தை வரிவரியாக அறிந்த ஒருவரே எழுதத்தக்க நூல் அது. ஒரு நூலை அச்சிடுமுன் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைவதும், அச்சானபின் எழுத்தெழுத்தாகத் திருத்துவதும் அவர் வழக்கம். எழுத்துப் பிழையைப் பொறாத அவருடைய இயல்பைப் புலவர்க்குரிய கண்டிப்பு என்று மட்டும் கொள்ளலாகாது. பூசைக்கு வைத்த மலரிலே புழுவைக் கண்டால் அன்பன் மனம் பொறுக்குமா? அவர்க்கு நூல் பூசைக்குரிய மலர்.

இந்நூல்கள் யாவற்றுள்ளும் எமது பொருளுக்கு மிக நெருங்கியது 1852 ஆம் ஆண்டிலே வெளியான பெரியபுராண வசனம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாற் பாடிய திருத்தொண்டர் வரலாற்றை, செய்யுள் விளங்காதாரும் படித்து உருகும்படி நாவலர் உரைநடையில் அமைத்தார். அவ்வரலாற்றிலே அரசர் உளர், வேதியர் உளர், வணிகர் உளர். குயவரும், வண்ணாரும், பரதவரும், பாணரும், வேடரும், புலையரும் உளர். காளத்தி மலையிலே வேடராகிய கண்ணப்பர் ஆகம விதி ஒன்றும் அறியாதவர். வாயிலே நீர் சுமந்து ஆட்டி, தாம் சுவைத்த ஊனைப் படைத்தவர். இறைவன் கண்ணிற் குருதி கண்டபோது தம் கண்ணை இடந்து அப்பியவர். அவர் செய்த பூசைக்கு முன்னே, விதி வழுவாது பூசை செய்த சிவகோசரியார் அன்பின் எல்லையைக் கண்டு நடுங்கினார். விதிநூல்களை வற்புறுத்திய நாவலர், விதியைக் கடந்த இவ்வன்பின் கதையைச் சற்றும் குறைக்காமல், பிள்ளைகளும் படிக்கும் தமிழில் வைத்தார். வசனநடை அவருக்குப் புலமையைக் காட்டும் கருவியாக இருக்கவில்லை. கதையும் படிப்பவர் உள்ளமும் சேருமிடத்திலே தாம் குறுக்கே நில்லாது விலகுதலே அவர் நடையின் சிறப்பு.

1864 ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தமிழகத்திலே தொண்டாற்றி, 1870 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் மீண்டார். இங்கே கோயில்களின் நடைமுறையைச் சீர்திருத்த முயன்றார். உயிர்ப்பலியையும், திருவிழாக்களிலே பொதுமகளிர் ஆட்டத்தையும், வாணவேடிக்கையையும் கண்டித்தார். தம் பிறந்த ஊராகிய நல்லூரிலுள்ள கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என்று எழுதவும் அவர் அஞ்சவில்லை. ஊராரின் வெறுப்பை அதனாற் பெற்றார். பாழடைந்து கிடந்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைப் புதுப்பித்தல் வேண்டுமென 1872 ஆம் ஆண்டிலே சைவமக்களைத் தூண்டினார். அவர் காலத்திலே அது கைகூடவில்லை. பின்வந்தோர் அதனை நிறைவேற்றினர். ஊர்க் கோயிலை விரும்புதல் எளிது. விரும்பிய கோயிலிலே குறை கண்டு, அக்குறையை வெளிப்படச் சொல்லி, அதனால் வரும் பகையையும் ஏற்றுக்கொள்ளுதல் எளிதன்று. முகமன் வேண்டாத அன்பே அதனைச் செய்யவல்லது.

அவருடைய வாழ்விலே வாதங்கள் பல. வடலூர் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867 ஆம் ஆண்டிலே திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தபோது, தேவார திருவாசகங்களுக்குரிய அப்பெயர் அவற்றுக்குப் பொருந்தாதென நாவலர் எதிர்த்தார். அப்பூசல் நீதிமன்றம்வரை சென்றது. இருவர் மறைந்தபின்னும் அவர்தம் அன்பர்களிடையே தொடர்ந்தது. இன்று நாம் அடிகளாரின் பாடல்களையும் ஓதுகின்றோம். நாவலர் பதிப்பித்த நூல்களையும் கற்கின்றோம். திருமுறையின் தூய்மையைக் காத்தல் கடமை என்று ஒருவர் எண்ணினார். இறைவன் திருவருள் இன்றும் பாட்டாகப் பெருகும் என்று மற்றவர் தரப்பினர் எண்ணினர். இரண்டும் அன்பினின்று பிறந்த எண்ணங்களே. அன்புடையோர் இருவர் ஒருவரையொருவர் அறியாமற் போனமை தமிழ்ச் சைவ உலகின் நட்டம் என்றே நாம் சொல்லுவோம்.

1876, 1877 ஆம் ஆண்டுகளிலே தென்னிந்தியாவிற் பெரும் பஞ்சம் பரவிய காலத்தில், யாழ்ப்பாணத்தையும் பஞ்சமும் பேதிநோயும் வாட்டின. அரிசிக்கு இந்தியாவை நம்பியிருந்த குடாநாடு திகைத்தது. அப்போது நாவலர் ஏட்டையும் எழுத்தாணியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, பொருளும் அரிசியும் திரட்டி, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி அமைத்தார். பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. அரசாங்க அதிபராயிருந்த துவைனந் துரையின் ஆட்சிமுறையைக் கண்டித்து எழுதினார். பஞ்சம் மீண்டும் வாராதிருக்கத் திருகோணமலைப் பகுதியிலே நெல் விளைவிக்கும் கம்பனி ஒன்றை அமைக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். அறுபது வயதை எட்டாத உடம்பு அதற்குள் தளர்ந்திருந்தது. ஆயினும் உயிர்களிடத்தே இரக்கமில்லாதவன் செய்யும் சிவபூசை பயன்தராது எனப் பிரசங்கத்திற் போதித்தவர், அச்சொல்லைச் செயலாற் காட்டவேண்டிய நாளில் ஒதுங்கி நின்றாரல்லர்.

1879 ஆம் ஆண்டிலே சேர் முத்துக்குமாரசுவாமி மறைந்ததனாற் சட்டநிரூபண சபையிலே தமிழர்க்குரிய இடம் வெறுமையாயிற்று. அவ்விடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே தக்கவர் என நாவலர் துணிந்து, பொதுக்கூட்டங் கூட்டி ஆதரவு திரட்டினார். அவர் தமக்கென ஒரு பதவியையும் கேட்கவில்லை. தெரிந்தெடுக்கப்பட்ட இராமநாதன் பின்னாளிலே 1913 ஆம் ஆண்டிற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921 ஆம் ஆண்டிற் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவியதை நோக்கும்போது, நாவலர் இட்ட வித்து எங்கெங்கே முளைத்தது என்பது தெரிகின்றது.

அவ்வாண்டு ஆடிச் சுவாதி நாளிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே செய்ததே அவருடைய இறுதிப் பிரசங்கம் என்பர். 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் மக நட்சத்திரத்தில், தம் ஐம்பத்தேழாம் வயது நிறையுமுன், அவர் சிவபதம் அடைந்தார். வெள்ளிக்கிழமை ஒன்றிலே தொடங்கிய பிரசங்க வாழ்வு வெள்ளிக்கிழமை ஒன்றிலே நிறைவெய்தியது. அவருக்கு மனைவி மக்கள் இலர். இரண்டு வித்தியாசாலைகளும், அச்சுக்கூடமும், தாம் எழுதியும் பதிப்பித்தும் வைத்த நூல்களுமே அவர் விட்டுச்சென்ற செல்வம்.

பெரியோரைப் போற்றும்போது அவர் காலத்தின் எல்லையையும் சொல்லுதல் வேண்டும்; அஃதின்றேற் போற்றுதல் முகமனாய்விடும், முகமனை வெறுத்தவர்க்கு அது பொருந்தாது. நாவலர் சாதியாசாரத்தை விட்டாரல்லர். அவர் நூல்களும் அதனை வற்புறுத்துகின்றன. அவர் மூட்டிய விளக்கின் ஒளி யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் வாயிலுக்குச் செல்லவில்லை. அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்பே, 1957 ஆம் ஆண்டிலே, சமுதாயக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னும் 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னே, உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக அன்பர்கள் காத்துநிற்க நேர்ந்தது. தில்லையின் எல்லையிலே உட்புக அஞ்சி நின்ற திருநாளைப்போவாரின் வரலாற்றை நாவலரின் வசனத்திற் படித்து உருகிய சமுதாயமே, தன் கோயில் வாயிலில் நின்றவரைக் கண்டு உருகவில்லை. புத்தகத்திற் கண்ட அன்பரை வணங்கி, தெருவிற் கண்ட அன்பரை விலக்கினோம்.

இக்குறையை நாவலர்மேல் மட்டும் ஏற்றிவிட்டு நாம் நீங்குதல் நேர்மையன்று. அதனை அளக்கும் அளவுகோலையும் எம் கையில் தந்தவர் அவரே. குலம் பாராது, கல்வி பாராது, செல்வம் பாராது, அன்பு ஒன்றையே பார்த்து இறைவன் ஆட்கொண்ட வரலாறுகளை வீட்டுக்கு வீடு சேர்த்தவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து அவ்வரலாறுகளின் உட்பொருளை வாழ்க்கையிற் கொண்டுவருதல் பின்வந்த தலைமுறைகளின் கடமையாயிற்று. அக்கடமையில் எவ்வளவு செய்தோம், எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டு அறிதல் வேண்டும். ஆசிரியர் மூட்டிய விளக்கை அவர் காட்டாத அறைக்கும் எடுத்துச் செல்லுதலே மாணவர் செய்யும் குருபூசை.

எமது இந்துக் கல்லூரிக்கும் நாவலருக்கும் உள்ள உறவு இங்கே நினைக்கத்தக்கது. ஆங்கிலக் கல்விக்காகச் சைவப் பிள்ளைகள் பிறசமயப் பாடசாலைகளை நாடும் நிலையை மாற்ற எண்ணி, அவர் 1872 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருட்குறையாலும் அரசாங்க உதவி கிட்டாமையாலும் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. உலகத்தார் கணக்கிலே அது தோல்வி. ஆனால் 1888 ஆம் ஆண்டிலே சைவ பரிபாலன சபை தோன்றி, 1890 ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பாடசாலை ஒன்றைப் பொறுப்பேற்று வண்ணார்பண்ணையிலே நடத்தத் தொடங்கியபோது, அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நாவலர் அதனைக் கண்ணாற் கண்டாரல்லர். அவர் கண்ட ஆங்கிலப் பாடசாலை பூட்டிய கதவோடு நின்றது. பயனைக் கண்டு மகிழும் கூலியும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடையாதென்று அறிந்திருந்தாலும் அவர் அப்பணியை விட்டிரார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இன்று தேர்வுக்காகப் படிக்கின்றோம், தொழிலுக்காகத் தேர்வு எழுதுகின்றோம், பயன் கருதிக் கோயிலுக்கும் செல்கின்றோம். பரீட்சைக்கு முன்னாள் நேர்ச்சை வைத்து, பெறுபேறு வந்தபின் அதனை நிறைவேற்றும் வழக்கத்தை நாம் பழித்துரைக்கவில்லை. வறியவன் வாசலுக்கு வந்து கேட்பதிற் குற்றமில்லை. இறைவன் கொடுக்க வல்லவனே. ஆயினும் கேட்பதற்கென்றே சென்றுவந்த கால்கள், ஒருநாளாவது ஒன்றும் கேளாமற் சென்று வரட்டும். அன்றைக்கு அங்கே பெருக்கவேண்டிய தரை இருக்கும். கட்டவேண்டிய மாலை இருக்கும். வெளியே பசித்த ஒருவர் இருப்பார். எழுத்தறியாத ஒரு பிள்ளை இருக்கும். அப்பர் பெருமான் ஏந்திய உழவாரப்படை ஒரு காலத்திலே அச்செழுத்தாகவும், கஞ்சி அகப்பையாகவும் நாவலர் கையில் இருந்தது. பழைய மாணவர் பலர் இன்று கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவரவர் கையில் அது எவ்வடிவம் கொள்ளும் என்பதை அவரவர் அறிவர்.

கல்லூரியின் விழா நாளிலே கட்டடங்களையும் வெற்றிகளையும் எண்ணி மகிழ்தல் முறையே. அவற்றுக்கெல்லாம் முன்னே, இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் தம் சம்பளத்தை விட்டுவிட்டுத் திருநீற்று நெற்றியோடு வண்ணார்பண்ணைத் தெருவில் இறங்கி நடந்தார் என்பதையும் எண்ணுவோமாக. அவர் எதனையும் கேட்கவில்லை. அதனாலேயே நாம் இத்துணையும் பெற்றோம்.